தொண்ணூற்றேழாவது புதன்

மயிலாப்பூரில் எங்கள் தெருவுக்கு இரண்டு தெரு தள்ளி ஒரு சின்ன அரங்கம் இருக்கிறது. புதன்கிழமைதோறும் அங்கே இலவச நாடகம். அறக்கட்டளை ஒன்று இடத்தைச் சும்மா கொடுத்தது. ஒரே நிபந்தனை, எட்டரைக்கு விளக்கை அணைத்துவிட வேண்டும். காவலாளி அதில் ஒரு நிமிடம்கூடப் பிசகமாட்டார். முதல் வாரத்திலிருந்து போய் வருகிறேன். தேதி, நாடகத்தின் பெயர், நடித்தவர்கள், திரை விலகிய நேரம் எல்லாவற்றையும் நோட்டில் குறித்துவைப்பேன். வேறு யாரும் குறிப்பதில்லை.

டிக்கெட் கிடையாது, பொன்னாடை உண்டு. நாடகத்துக்கு முன்னால் வாரம் ஒருவருக்கு மேடையில் போர்த்தியாக வேண்டும். இனிப்புக் கடைக்காரர், பல் டாக்டர், அறங்காவலரின் சம்பந்தி. அவர்கள் பேசப் பேச நாடகத்தின் வால் அறுபடும். இதை எரிச்சலோடு பல பக்கங்களில் எழுதியிருக்கிறேன்.

நடிப்புக் குழுவில் சைதாப்பேட்டைப் பெண் ஒருவர் சேர்ந்திருந்தார். தி.நகர் ஜவுளிக்கடையில் புடவை எடுத்துக் காட்டும் வேலை. மூன்று மாதம், விடுப்பு நாளிலெல்லாம் ஒத்திகைக்கு வந்தார். முதல் வேஷம். மகனை வீட்டைவிட்டு அனுப்பும் தாயாகக் கடைசிக் காட்சியில் மட்டும் வருவார். ஒத்திகையில் ஒருநாள் அவர் பேசி முடித்தபோது, எதிரே நின்றவர் தன் வசனத்தை மறந்துவிட்டார். கணவருக்கு இதெல்லாம் பிடிக்காதாம். ஒரு தடவை வந்து பார்க்கிறேன், அப்புறம் நீ போகலாமா வேண்டாமா என்று சொல்கிறேன் என்றிருக்கிறார். அதை என்னிடம் சொல்லும்போது அந்தப் பெண்ணுக்குச் சிரிப்பும் பயமுமாக இருந்தது.

அவர் நடிக்கவிருந்த புதன், நூறாவது வாரம் என்று நாடகக் குழுவின் செயலாளர் அறிவித்தார். பொன்னாடை எனக்கு.

"ரெண்டே நிமிஷம் பேசுங்கோ மாமா, போறும்" என்று காதில் சொல்லி மைக்கைக் கொடுத்தார்.

இது நூறாவது வாரம் அல்ல என்று ஆரம்பித்தேன். புயல் வாரம், தேர்தல் வாரம், அரங்கம் பூட்டிக் கிடந்த ஒரு வாரம், மூன்றையும் கழித்தால் தொண்ணூற்றேழு. அதோடு இறங்கியிருக்கலாம். புயலன்று நாடகம் நடந்ததாகவும் தான் வந்திருந்ததாகவும் செயலாளர் ஓரத்திலிருந்து சிரித்துக்கொண்டே சொன்னார். நோட்டைத் திறந்தேன். அந்த மாதம் முழுவதையும் வாசித்தேன். அதற்கு முந்தைய மாதத்தையும். நடுவில் பலத்த கைதட்டல். இருபது வருடங்களாகச் சபாக்களில் உட்கார்ந்தவன் நான். எந்தக் கைதட்டல் ஆளை மேடையிலிருந்து இறக்குவதற்கானது என்று எனக்குத் தெரியும். அன்று தெரியவில்லை.

நான் இறங்கிய பிறகுதான் நாடகம் தொடங்கியது. எட்டரைக்கு விளக்கு அணைந்தது. கடைசிக் காட்சி பாக்கி இருந்தது. வாசல் வெளிச்சத்தில், வேஷத்தோடு பக்கத் திரையைப் பிடித்தபடி நின்ற அந்தப் பெண் தெரிந்தார். மூன்றாவது வரிசையில் கணவரும் இரண்டு பிள்ளைகளும் எழுந்துகொண்டிருந்தார்கள். வீட்டுக்கு வந்து, 'கடைசிக் காட்சி நடைபெறவில்லை. காரணம்: நேரமின்மை' என்று எழுதினேன்.

அடுத்த இரண்டு புதனும் அவர் வரவில்லை. மூன்றாவது வாரம் கடைக்கே போனேன். மடித்துக்கொண்டிருந்த புடவையிலிருந்து பார்வையை எடுக்காமல் பேசினார்.

"மூணு மாசமா ரிகர்சல் ரிகர்சல்னு போய்க்கினு இருந்தியே, பவுடர் பூசிக்கினு ஓரமா நிக்கவான்னு கேட்டாரு சார். பசங்க சிரிச்சுதுங்க. அதோட சரி."

தவறு என்னுடையது, நானே வீட்டுக்கு வந்து உங்கள் கணவரிடம் விளக்குகிறேன் என்றேன்.

"வாணாம் சார். நீங்க ஆரம்பிச்சா நிறுத்த மாட்டீங்க."

குரலில் கோபம் இல்லை. மடித்த புடவையை அடுக்கில் வைத்துவிட்டு, எனக்குப் பின்னால் காத்திருந்த அம்மாளைப் பார்த்தார்.

"வாங்கக்கா, இன்னா பாக்கறீங்க? காட்டனா, சில்க்கா?"