டூகல் வீட்டுச் சீம்பால்

இருபத்தாறு ஆண்டுகளாக ஆகஸ்ட் மாதம் வந்துவிட்டால் வெர்னாவுக்குக் கன்றுக்கொட்டில்தான் வீடு. தரனாக்கி மலைப்பக்கத்துப் பண்ணையில் கணவன் பால் கறப்பான். பிறந்த கன்றுகள் அவள் பொறுப்பு. ஆண்டுதோறும் ரோட்டா வைரஸ் வரும், கன்றுகள் கழியும். இரண்டு நாள் உப்புத் தண்ணீர் கொடுத்தால் எழுந்து அவள் முழங்காலை முட்டும். “நம்ம வீட்டு ரோட்டா ரொம்ப சாது” என்பாள்.

அந்த ஆண்டு, கன்றுகளுக்குப் பாலூட்டும், ரப்பர் காம்புகள் பொருத்திய தொட்டி விரிசல் விட்டது. கன்று ஈனும் காலத்தில் கேட்டால் கொடுப்பதுதான் அந்தச் சாலை வழக்கம். பக்கத்துப் பண்ணை டூகல் தன் பழைய தொட்டியைக் கொண்டுவந்தான்.

“உன் கொட்டில்ல கழிச்சல் இருக்கா?” என்று கேட்டாள் வெர்னா.

“இருக்கு. ரோட்டாதான். ஒண்ணுகூடச் சாகல. உன்கிட்ட இல்லாததா?”

வெந்நீரில் அலசி மாட்டிவிட்டாள்.

மூன்றாம் நாள் கன்றுகள் படுத்தன. கண்கள் குழிவிழுந்தன, காதுகள் சில்லிட்டன. உப்புத் தண்ணீர் உள்ளே போன வேகத்தில் வெளியே வந்தது. முப்பத்தொன்றில் நான்கு போயின. மீதி இருபத்தேழும் கிடேரிகள்; அவை பிழைத்தால்தான் பண்ணைக்கு நாளை மாடு.

கால்நடை டாக்டர் நைரி இரண்டு பண்ணைகளிலும் சாணம் எடுத்துச் சோதித்துவிட்டு வந்தாள்.

“ரோட்டாதான், வெர்னா.”

“அது வருஷா வருஷம் வர்றதாச்சே!”

“பேரு ஒண்ணு, ரகம் வேற. இது குடலோட உள்தோலையே உரிச்சுடுது. டூகல் கொட்டில்லயும் இதே ரகம்தான். அந்த இரவல் தொட்டியோட வந்திருக்கு.”

“அப்போ அவன் கன்னு மட்டும் எப்படிச் சாகல?”

“அவர் மாடுங்க பல வருஷமா இதைப் பார்த்துப் பழகினதுங்க. சீம்பால்லயே எதிர்ப்பு இறங்கிடுது. உங்க மாடுங்க பார்த்ததெல்லாம் அந்தச் சாதுவை மட்டும்தான்.”

வெர்னா இன்னும் படுக்காமல் நின்ற கன்றுகளைப் பார்த்தாள். பிறகு கேட்டாள்: “அவன் மாட்டுச் சீம்பாலை என் கன்னுக்குக் குடுத்தா?”

நைரி யோசித்தாள். “படுத்ததுக்குப் பெருசா உதவாது. நல்லா இருக்கிறதுக்குத் தினமும் பால்ல கலந்து குடுங்க, ரெண்டு வாரம். அவர் மாடுங்களுக்கு வேற நோய் இல்ல, நானே பார்த்திருக்கேன்.”

மறுநாள் காலை டூகல் இரண்டு வாளிச் சீம்பாலோடு வாசற்கதவருகே நின்றான். முகத்தில் ஈயாடவில்லை.

“அங்கேயே வை. பூட்ஸோட உள்ள வராதே.”

“வர வேண்டியது வந்தாச்சே, வெர்னா. இனி பூட்ஸ் என்ன பண்ணப்போகுது?”

“உன்கிட்ட இன்னும் என்னென்ன இருக்கோ, யாரு கண்டா?”

“பால் வேணும், ஆளு வேணாம். அப்படித்தானே?”

“இப்பத்தான் உனக்குப் புத்தி வேலை செய்யுது.”

ஏற்கெனவே படுத்திருந்தவற்றில் இன்னும் இரண்டு போயின. அதன்பின் புதிதாக எதுவும் படுக்கவில்லை. டூகல் ஒரு நாளும் தவறவில்லை. பதினான்காம் நாள் இருபத்தைந்து கன்றுகளும் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு குடித்தன.

இரவல் தொட்டியை மருந்து போட்டுத் தேய்த்து, வெயிலில் காயவைத்து, கதவுக்கு அந்தப்பக்கம் மாட்டினாள் வெர்னா.

“இனி நானே வந்து கெஞ்சினாலும் இதைக் குடுத்துடாதே, டூகல்.”