காரமில்லாத பூண்டு

பூம்பாறை வயலில் பூண்டைப் பச்சையாக மென்று, எந்தச் செடியில் எவ்வளவு காரம் என்று எழுதி வைப்பதுதான் பதினோரு வருடமாக என் வேலை. நாக்கு வெந்து சோறு இறங்காத நாட்கள் உண்டு.

காரமே இல்லாத பூண்டு ஒன்றைத் தேடும் எங்கள் ஆய்வுக்கூடத்தில் போன வருடம் சுகன்யா என்ற கன்னிவாடிப் பெண் சேர்ந்தாள். வயலில் கால் வைக்காமல், நாயுடுபுரம் ஆபீஸில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தே ஒரு செடியைக் கண்டுபிடித்துவிட்டாள்.

"இதோட மரபணுல ஒரே ஒரு எழுத்து மாறியிருக்குக்கா. காரத்த உண்டாக்குற புரதம் இதுல வேலை செய்யாது. நீங்க கடிச்சுப் பாத்துச் சொல்லுங்க."

எனக்கு வயிறு எரிந்தது. அவள் கணிப்பு பொய்யாகட்டும் என்று வேண்டிக்கொண்டே, அறுவடையன்று அவள் எதிரில் ஒரு பல்லை மென்றேன். துளி காரம் இல்லை. வெள்ளரிப்பிஞ்சு மாதிரி இருந்தது.

"நல்லா எரியுது," என்றேன்.

அவள் வாதாடுவாள் என்று நினைத்தேன். "அப்ப என் கணக்குதான் தப்புக்கா. உங்க நாக்கு தப்பாச் சொல்லாது," என்று சொல்லிவிட்டு, மீதிப் பற்களைக் குப்பைக் குழியில் போடப் போனாள். அந்த வகையில் இருந்ததே அந்த ஒரு பூண்டுதான். ஓடிப்போய் அவள் கையைப் பிடித்தேன்.

"போடாத புள்ள. நான் பொய் சொன்னேன்."

சுகன்யா ஒரு பல்லை உரித்து வாயில் போட்டு மெதுவாக மென்றாள். அவள் கண் கலங்கியது.

எத்தனையோ பூண்டு என் கண்ணில் தண்ணீர் வரவழைத்திருக்கிறது. காரமே இல்லாத பூண்டைத் தின்று அவள் அழுததற்குக் காரணம் நான்.