எண்பத்தாறு சதவீத மழை

சிவனேஸ்வரி எனக்கு மகள் முறை. அவளின் தகப்பனும் நானும் ஒன்றுவிட்ட சகோதரர்கள், அதனால் என்னைச் சித்தப்பா என்பாள். தாரகா அவளுக்கு மச்சாள், சொந்தத் தாய்மாமன் மகள்; தாரகா என்னை மாமா என்பாள். இரண்டு பேரும் ஒரே ஆண்டில் பதினொரு நாள் இடைவெளியில் பிறந்தவர்கள். சிவனேஸ்வரி மூப்பு. அந்தப் பதினொரு நாளைத் தவிர வேறு எதிலும் அவள் தாரகாவை முந்தினதில்லை. அதுதான் அவளின் வருத்தம்.

நெல்லியடியில் ஒரே வாங்கில் பக்கத்தில் பக்கத்தில் இருந்து படித்தவர்கள். சோதனை முடிவு வந்தால் சிவனேஸ்வரி தன்னுடைய புள்ளியைப் பார்க்க முன்னம் தாரகாவின் புள்ளியைத்தான் பார்ப்பாள். கலியாண விசயமும் அப்படித்தான். பாரிசில் இருந்த நித்தியானந்தனின் குறிப்பு முதலில் வந்தது சிவனேஸ்வரி வீட்டுக்கு. ஐந்து பொருத்தம்தான் என்று சாத்திரியார் கையை விரித்துவிட்டார். அடுத்த கிழமை அதே குறிப்பு மாமன் வீட்டுக்குப் போய் எட்டுப் பொருத்தத்தோடு ஒட்டிக்கொண்டது. தாரகா விமானம் ஏறினாள். சிவனேஸ்வரிக்கு இரண்டு வருடம் கழித்துக் குகதாசன் கிடைத்தான். தங்கமான பொடியன், அதிர்ந்து கதைக்க மாட்டான். ஆனால் அவன் தானாக வந்தவன் என்றில்லாமல், நித்தியானந்தன் கைவிட்டுப் போனதால் வந்தவன் என்ற கணக்கில்தான் அவள் அவனைப் பார்த்தாள் என்று நினைக்கிறேன்.

லண்டனுக்கு வந்து ஒன்பது வருடம் விசாவுக்குக் காத்திருந்தார்கள். இப்போது ஹவுன்ஸ்லோவில் ஒரு கடைக்கு மேலே இரண்டு அறை. அவளுக்கு விமானத்துக்குச் சாப்பாட்டுத் தட்டு அடுக்கிற வேலை, அவனுக்கு டெலிவரி வான். பிந்திப் பிறந்த ஒரே பிள்ளை பிரவீணன்.

நல்லவேளை தாரகா பாரிசில் இருக்கிறாள், நடுவிலே கடல் இருக்கிறது என்றுதான் அவள் அவ்வளவு காலமும் நிம்மதியாக இருந்தாள். பிரான்ஸ் பாஸ்போர்ட்டோடு லண்டனுக்கு வரலாம் என்ற கடைசிக் காலத்தில் நித்தியானந்தன் குடும்பத்தைக் கூட்டிக்கொண்டு வந்து அதே ஹவுன்ஸ்லோவில் இறங்கினான். மாபிள் பதிக்கிற வேலை அவனுக்கு. நாலு வருடத்தில் வீடு வாங்கி, பின்பக்கம் இழுத்துக் கட்டி, குடிபுகுதலுக்கு எங்கள் எல்லாரையும் கூப்பிட்டான். போய்த் திரும்பி வருகிற வழியில் சிவனேஸ்வரி காருக்குள் ஒரு சொல்லும் கதைக்கவில்லை. என்னை இறக்கிவிடும்போதுதான் வாய் திறந்தாள்.

“அவளின்ரை குசினிக்குள்ளை என்ரை முழு வீடும் அடங்கும் சித்தப்பா.”

ஆனால் ஒன்று அவளிடம் இருந்தது. தாரகாவின் மகள் கம்சிகா வந்தபோது வாய் திறந்தால் பிரெஞ்சு. பிரவீணன் அவள் வந்து சேர்ந்த அதே தமிழ்ப் பாடசாலை வகுப்பில் முதல் பிள்ளை. சனிக்கிழமை காலையில் மகனைக் கையில் பிடித்துக்கொண்டு அந்த மண்டபத்துக்குள் போகும்போது அவளின் நடையே வேறு.

அந்தக் காலத்தில் ஹோம்வேர்க் கொப்பியில்தான் எழுதுவார்கள். துசியந்தி ரீச்சர் கிழமை நாளில் மருந்துக்கடையில் வேலை செய்து, சனிக்கிழமை சம்பளமில்லாமல் வந்து படிப்பிக்கிற பிள்ளை. அவள் சிவப்புப் பேனையால் புள்ளி போட்டுக் கொடுப்பாள். யாருக்கு எவ்வளவு என்று ரீச்சருக்கும் தாய்க்கும் மட்டும்தான் தெரியும். பிறகு பாடசாலை போனில் பாவிக்கிற ஒரு அப் எடுத்தது. பிள்ளை அதிலேயே எழுதி அனுப்ப வேணும், ரீச்சர் அதிலேயே திருத்துவாள், புள்ளி தாயின் போனுக்கு வரும். அதுவரைக்கும் பிழையில்லை. அந்த அப் செய்தவர்கள் சும்மா இருக்கவில்லை. நாலைந்து மாதத்துக்கு ஒருக்கால் “புதிதாக என்ன சேர்த்திருக்கிறோம்” என்று ஒரு நீட்டுக் கடிதம் வரும். போன ஐப்பசியில் வந்த கடிதத்தில், பிள்ளை வகுப்பில் எத்தனையாம் இடம் என்பதையும் இனிக் காட்டுவோம் என்று இருந்தது.

அன்று தட்டு அடுக்குகிற இடத்தில் கையுறையைக் கழற்றிவிட்டுப் போனைப் பார்த்திருக்கிறாள். பிரவீணன், இரண்டாம் இடம். முதலாம் இடத்துக்குப் பெயர் இல்லை, ஒரு மஞ்சள் நட்சத்திரம் மட்டும்.

நட்சத்திரத்துக்குப் பெயர் தேவைப்படவில்லை. அன்று பின்னேரமே தாரகா குடும்பத்து வட்ஸ்அப்பில் அந்த நட்சத்திரத்தைப் படம் பிடித்துப் போட்டுவிட்டாள், கீழே கைகூப்பின படம் மூன்று. குகதாசன் “வாழ்த்துகள்” என்று எழுதியதற்காக சிவனேஸ்வரி அவனோடு இரண்டு நாள் கதைக்கவில்லை.

அதற்குப் பிறகு அவளுக்கு அந்த அப்தான் சீவியம். பஸ்ஸில் பார்ப்பாள், சமைக்கும்போது பார்ப்பாள், கோயிலில் தீபம் காட்டும்போதும் பார்த்ததை நான் கண்டேன். புள்ளி ஏறும், இறங்கும், ஆனால் அந்த நட்சத்திரம் அசையாது.

பங்குனியில் ஆண்டு விழா. ஒவ்வொரு வகுப்பிலும் முதலாம் இடத்தில் நிற்கிற ஒரு பிள்ளை மேடையில் ஐந்து நிமிசம் பேசும். சனம் ஐந்நூறு பேர் வரும், நித்தியானந்தனின் ஆட்களும் வருவார்கள். விழாவுக்கு முன்னம் கடைசி ஹோம்வேர்க் ஒரு கட்டுரை: “ஒரு மழை நாள்.” கம்சிகாவுக்கும் பிரவீணனுக்கும் இடையில் மூன்று புள்ளிதான் வித்தியாசம். அந்தக் கட்டுரைக்கு இருபது புள்ளி.

இங்கே தமிழ்ப் பாடசாலை ஹோம்வேர்க்கை ஆர் எழுதுவது என்று நான் சொல்லத் தேவையில்லை. தாய்மார் “கொஞ்சம் உதவி” செய்வார்கள். சிவனேஸ்வரி அந்தப் புதன்கிழமை வேலையிடத்தில் தேத்தண்ணி இடைவேளைக்குள் இரண்டு பெருவிரலாலும் முழுக் கட்டுரையையும் அடித்து, ஆருக்கும் காட்டாமல் அனுப்பிவிட்டாள். பின்னேரம் எனக்கு மட்டும் போனில் சொன்னாள்.

வெள்ளிக்கிழமை புதுக் கடிதம் வந்தது. பிள்ளைகள் எழுதுவது இன்னொரு பிள்ளையின் எழுத்தோடு ஒத்துப்போனால் இனிக் கண்டுபிடித்துச் சொல்லும் என்று அதில் இருந்தது. கடிதத்துக்குப் பின்னாலேயே பிரவீணனின் கட்டுரைக்கு ஒரு சிவப்புக் கோடு வந்தது: இந்த வகுப்பில் இன்னொரு கட்டுரையுடன் எண்பத்தாறு சதவீதம் ஒத்துள்ளது, புள்ளி நிறுத்தி வைக்கப்பட்டிருக்கிறது.

அடுத்த நிமிசம் எனக்குப் போன்.

“சித்தப்பா, களவெடுத்திட்டாள்!”

“ஆர், பிள்ளை?”

“வேறை ஆர்? தாரகாதான். போன ஞாயிறு இஞ்சை வந்தவள். டப்லெட் மேசையிலை கிடந்தது. நான் தேத்தண்ணி ஊத்தப் போன நேரம் பாத்திருப்பாள்.”

“நீ புதன்கிழமைதானே எழுதினாய் எண்டாய்?”

“அது எனக்குத் தெரியாது சித்தப்பா. அவள் எடுத்தவள். இப்ப பிடிபட்டிட்டாள். அந்த நட்சத்திரத்தை நாளைக்குக் கழட்டாமல் விட மாட்டன். நீங்களும் வாங்கோ, பெரிய ஆள் ஒருத்தர் நிக்க வேணும்.”

குரலில் கோபத்தை விடச் சந்தோசம்தான் கூட இருந்தது. இருபத்தைந்து வருடமாகக் காத்திருந்த ஆளின் சந்தோசம்.

சனிக்கிழமை வகுப்பு முடிந்ததும் நானும் போனேன். துசியந்தி ரீச்சர் மேசையில் மடிக்கணினியைத் திறந்து வைத்திருந்தாள். தாரகா ஏற்கெனவே அங்கே நின்றாள். அவளுக்கும் அதே சிவப்புக் கோடு வந்திருக்கிறது, அவளும் அதே நினைப்போடுதான் வந்திருக்கிறாள்.

“மச்சாள், நேரை கேக்கிறன், குறை நினையாதையும்,” என்று தாரகா தொடங்கினாள். “என்ரை பிள்ளையின்ரை கட்டுரை உம்மட்டை எப்பிடி வந்தது?”

“உம்மடை பிள்ளையின்ரையோ? பிரெஞ்சிலை அழுத பிள்ளைக்குத் ‘தவளைகள் கச்சேரி வைத்தன’ எண்டு எழுத எப்ப வந்தது?”

“உம்மடை மகனுக்கு மட்டும் வந்ததோ? உவன் தவளையைக் கண்டிருக்கிறானோ?”

ரீச்சர் பிரவீணனைப் பார்த்தாள். “தவளை எண்டால் என்ன அப்பன்?”

அவன் தாயைப் பார்த்தான். “ஒரு வகை... குருவி?”

கம்சிகா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். “உனக்குத் தெரியுமோ?” என்று ரீச்சர் கேட்டதும் அவளின் சிரிப்பு நின்றுவிட்டது.

“ரீச்சர், பிள்ளையளை விடுங்கோ,” என்றாள் சிவனேஸ்வரி. “இரண்டையும் திறவுங்கோ. ஆர் முதல் எழுதினது எண்டு அதிலை காட்டுமாமே. கடிதத்திலை இருந்தது.”

“காட்டும் அக்கா. ஆனால் தேவையோ எண்டு யோசிக்கிறன்.”

“திறவுங்கோ. பாப்பம்.” இது தாரகா.

ரீச்சர் திறந்தாள். பிரவீணனின் கட்டுரை புதன்கிழமை காலை பதினொன்று இருபதுக்கு எழுதத் தொடங்கி, பதினெட்டு நிமிசத்தில் முடிந்திருக்கிறது. கம்சிகாவினது செவ்வாய்க்கிழமை பகல் ஒரு மணி.

“இரண்டு பேரும் அந்த நேரம் இங்கிலீஸ் பள்ளிக்கூடத்திலை நிண்டிருப்பினம்,” என்றாள் ரீச்சர் மெதுவாக.

நான் சுவரில் இருந்த தமிழ் எழுத்து அட்டையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். வேறு எங்கே பார்ப்பது?

சிவனேஸ்வரி விடவில்லை. “சரி, நான் உதவி செய்தனான். எல்லாத் தாய்மாரும் செய்யினம். ஆனால் சொல் என்ரை சொல். அவளுக்கு எப்பிடி அது வந்தது?”

“அதுதான் எனக்கும் விளங்கேல்லை,” என்றாள் ரீச்சர். “நீங்கள் ஹவுன்ஸ்லோ பஸ் தரிப்பிலை மழை எண்டு எழுதியிருக்கிறியள். தாரகா அக்கா டூட்டிங் கடைத்தெருவிலை எண்டு எழுதியிருக்கிறா. மற்றது எல்லாம் ஒண்டு. வானம் கருங்கம்பளி போர்த்துது, தவளை கச்சேரி வைக்குது. தாரகா அக்காவின்ரையிலை மட்டும் கடைசியிலை ஒரு வசனம் கூட இருக்கு.” குனிந்து வாசித்தாள்: “மழை விட்டது. முற்றத்தில் தேங்கிய நீரிலே...”

“...வானம் தன் முகத்தைக் கழுவிப் பார்த்தது.”

சொன்னது தாரகா இல்லை, சிவனேஸ்வரி. சொல்லி முடித்த பிறகுதான் தான் சொன்னது அவளுக்கே தெரிந்தது. கையால் வாயைப் பொத்தினாள்.

தாரகா அவளைப் பார்த்த பார்வை இன்னும் என் கண்ணில் நிற்கிறது. “சவிரிமுத்து மாஸ்டர்,” என்றாள்.

சவிரிமுத்து மாஸ்டரை எனக்கும் தெரியும். நெல்லியடியில் ரியூசன் கொட்டில் வைத்திருந்தவர். சாதாரணதரச் சோதனைக்குப் பன்னிரண்டு கட்டுரை சொல்லிக்கொடுத்து, ஒரு எழுத்துப் பிசகாமல் பாடமாக்க வைப்பார். பிசகினால் வாங்கில் ஏறி நிற்க வேணும். மழை நாளும் அதில் ஒன்று. இவர்கள் இரண்டு பேரும் அதைச் சொந்தக் கற்பனை என்று நினைத்து அடித்தார்களோ, இல்லையென்று தெரிந்துதான் அடித்தார்களோ, நான் கேட்கவில்லை. கேட்டாலும் உண்மை வந்திராது.

“அந்தக் கடைசி வசனத்தை மறந்துபோனன்,” என்றாள் சிவனேஸ்வரி. களவைப் பற்றிய கவலை போய்விட்டது. தாரகாவுக்கு ஞாபகம் இருந்ததே என்பதுதான் இப்போது அவளின் முகத்தில் இருந்தது.

ரீச்சர் மடிக்கணினியைச் சுழற்றி எங்களுக்குக் காட்டினாள். வகுப்பில் பதினெட்டுக் கட்டுரை. பதினொன்று பள்ளிக்கூட நேரத்தில் எழுதப்பட்டிருந்தது. “அடுத்த சனி எல்லாப் பிள்ளையளும் என்ரை முன்னாலை இருந்து அதே தலைப்பிலை எழுதட்டும்,” என்றாள். “அப்பிலை வந்த பழைய புள்ளி ஒண்டையும் நான் பாக்கப்போறதில்லை. அந்தக் கட்டுரைக்கு ஆர் கூட எடுக்கினமோ அவைதான் மேடைக்கு.”

அந்த ஒரு கிழமையும் சிவனேஸ்வரி பிரவீணனை இருத்தி எழுப்பின பாடு குகதாசனுக்குத்தான் தெரியும். வானம், கம்பளி, தவளை. பொடியன் தலையை ஆட்டுவான், அடுத்த நாள் மறப்பான். சனிக்கிழமை தாய்மார் எல்லாரும் மண்டபத்தில் இருந்தார்கள். நானும் குகதாசனும் பக்கத்தில் நின்றோம். கதவு மூடியிருந்தது. சிவனேஸ்வரி தேத்தண்ணிக் கோப்பையை வைத்துக்கொண்டு குடிக்காமல் இருந்தாள். அடுத்த மேசையில் தாரகாவும் அப்படித்தான்.

நாலு மணிக்குப் புள்ளி போனுக்கு வந்தது. பிரவீணன் பதினொன்று. கம்சிகாவும் பதினொன்று. நட்சத்திரம் பதினாறு எடுத்த துஷ்யாவிடம் போயிருந்தது. துஷ்யாவின் தாய் பிரசாந்தினி டென்மார்க்கில் வளர்ந்தவள், தமிழ் கதைப்பாளே தவிர எழுதத் தெரியாது. மகளுக்கு உதவி செய்ய அவளால் ஏலவே ஏலாது. மழை நாளில் அம்மா ஈர உடுப்பு எல்லாவற்றையும் வீட்டுக்குள் காயப்போடுவா, அப்பாவின் காற்சட்டைக்குக் கீழே குனிந்துதான் நாங்கள் கழிப்பறைக்குப் போவோம் என்று அந்தப் பிள்ளை எழுதியிருந்ததாம். எழுத்துப் பிழை ஒன்பது. வாசித்துவிட்டு ரீச்சர் தனிய இருந்து சிரித்தாளாம்.

பிரவீணன் எழுதியதைச் சிவனேஸ்வரி போனில் திறந்தாள். ஏழு வரி. மழை பெய்தது, பந்து விளையாட்டை நிற்பாட்டினார்கள், எனக்குச் சந்தோசம், அப்பா வானில் வந்து குடை பிடித்தார், நாங்கள் சிப்ஸ் சாப்பிட்டோம்.

இரண்டு தரம் வாசித்தாள். “அப்பா குடை பிடிச்சாராம். என்னைப் பற்றி ஒரு வரி இல்லை சித்தப்பா,” என்றாள். குகதாசனைத் திரும்பிப் பார்த்த பார்வையில் அவன் குடை பிடித்ததற்காக மன்னிப்புக் கேட்கிறவன் மாதிரி நெளிந்தான்.

ஆண்டு விழாவன்று நாங்கள் பின்வரிசையில் இருந்தோம். துஷ்யா மேடையில் பேசிக்கொண்டிருந்தாள், பிரசாந்தினி முன்வரிசையில் போனில் படம் பிடித்துக்கொண்டிருந்தாள். தாரகா பிந்தி வந்தாள், இடமில்லை. சிவனேஸ்வரி பக்கத்துக் கதிரையிலிருந்த தன்னுடைய கைப்பையை எடுத்து மடியில் வைத்தாள். தாரகா இருந்தாள். அவர்கள் இரண்டு பேரும் பக்கத்தில் பக்கத்தில் இருந்து நான் பார்த்து எத்தனையோ வருடம்.

“தாய்க்கு ஒரு எழுத்து எழுதத் தெரியாது,” என்றாள் சிவனேஸ்வரி மெதுவாக. “பவுசைப் பாரும்.”

“சாறி இண்டைக்கெண்டு எடுத்தது மச்சாள்,” என்றாள் தாரகா. “மடிப்பு இன்னும் கலையேல்லை.”

“பிள்ளை காற்சட்டையைப் பற்றி எழுதி மேடைக்கு வந்திட்டுது.”

“எங்கடை பிள்ளையளுக்கும் அப்பிடி ஒண்டு எழுதிக் குடுத்திருக்கலாம்.”

“உங்கடை வீட்டிலைதான் காயப்போட மிசின் இருக்கே.”

“ஏன், உம்மடை வீட்டிலை இல்லையோ?”

“இல்லை.”

துஷ்யா பேசி முடித்தாள். மண்டபம் எழுந்து கைதட்டியது.

“தட்டுங்கோ பிள்ளையள்,” என்றேன் நான். “சனம் பாக்குது.”

தட்டினார்கள். ஆளுக்கு இரண்டு தட்டு.