நீலமாய் ஒளிர்ந்த சத்துமா

யோசெப்பின் என்ன வேலை செய்கிறாள் என்று கேட்டால், கொட்டாஞ்சேனையில் அவளுடைய ஒழுங்கையில் இருந்தவர்கள் மிளகாய்த்தூள் பார்க்கிற வேலை என்பார்கள். அது பிழையில்லை. ஒருகொடவத்தைக் களஞ்சியங்களுக்குப் பின்னால் இருந்த ஒரு தனியார் ஆய்வுகூடத்தில் அவளுக்குப் பதினாறு வருட சேவை. மிளகாய்த்தூள், கொப்பறா, நிலக்கடலை என்று வருவதை எல்லாம் கரைத்து வடித்து, அதில் பூஞ்சணம் விட்ட நஞ்சு இருக்கிறதா என்று பார்ப்பாள். வடித்த கரைசலில் ஒரு சொட்டைத் தகட்டில் ஊறவிட்டு, இருட்டறையில் புறஊதா விளக்கின் கீழே பிடித்தால், நஞ்சு இருக்கிற இடம் நீலப் புள்ளியாக ஒளிரும். அதைக் கமெராவில் படம் எடுப்பதும் அவள்தான். எத்தனை செக்கன் திறந்து வைத்தால் புள்ளி தெளிவாக விழும் என்பதில் அவளுக்கு ஒரு தனிப் பெருமை இருந்தது.

1997 ஐப்பசியில் கொழும்புக் கோட்டையில் குண்டு வெடித்த பிறகு, நகரத்தில் தமிழ்ப் பெயரோடு நடமாடுவதே பயமாகிவிட்டது. அப்படி இருந்தும் அடுத்த ஞாயிற்றுக்கிழமை பத்மாவதி வெள்ளவத்தையிலிருந்து இரண்டு பஸ் மாறி வந்தாள். அவள் அங்கே ஒரு சிறிய ஆஸ்பத்திரியில் ஸ்கான் எடுப்பவள். இருவரும் ஒன்றாக டிப்ளோமா படித்தவர்கள். வந்தவள் தேத்தண்ணீரைத் தொடாமல், ஒரு பால்மா ரின்னில் கொண்டுவந்த மாவை மேசையில் வைத்தாள்.

வன்னியிலிருந்து மன்னார் வழியாக வந்த ஐந்து குடும்பங்கள் வெள்ளவத்தையில் ஒரு வீட்டில் இருந்தன. அந்த வீட்டிலிருந்து ஒரே கிழமையில் மூன்று பிள்ளைகளை அவளிடம் ஸ்கானுக்கு அனுப்பியிருந்தார்கள். மூன்று பேருக்கும் கண் மஞ்சள், வயிறு வீக்கம். மஞ்சட்காமாலை, அதாவது செங்கமாரி என்று டொக்டர் எழுதியிருந்தார். ஆனால் பத்மாவதி ஈரலைத் திரையில் பார்த்தவள்; அது வழக்கமான செங்கமாரி ஈரல் போல இல்லை. அந்த வீட்டில் சோறு சாப்பிட்ட பெரியவர்களுக்கு ஒன்றுமில்லை, தாய்ப்பால் குடிக்கிற குழந்தைக்கும் ஒன்றுமில்லை. ஒரு தொண்டு நிறுவனம் கொடுத்த சத்துமாவைத் தின்றவர்கள் இந்த மூன்று பேரும்தான்.

"கொஞ்சம் கைக்குது எண்டு தாய்மார் சீனி போட்டுக் குடுத்தவையாம்," என்றாள். "பாத்துச் சொல்லும், யோசெப்பின். நான் பிழையா யோசிச்சிருந்தா நல்லது."

மறுநாள் காலை யோசெப்பின் பார்த்தாள். தகட்டை விளக்கின் கீழே வைத்ததும் அந்த இருட்டறைச் சுவரே நீலமானது போல அவளுக்குத் தோன்றியது. ஒப்பிடுவதற்கு வைத்திருந்த சுத்த நஞ்சைத்தான் மாறிச் சொட்டிவிட்டேனோ என்று திரும்பச் செய்தாள். பத்து மடங்கு நீர்த்துப் பார்த்தாள். அப்போதும் ஒளிர்ந்தது. கணக்குப் போட்டால், அனுமதித்த அளவைவிட நூறு மடங்குக்கு மேல். அவள் கை கழுவினாள், பிறகு இன்னொரு தரம் கழுவினாள்.

முகாமையாளர் ஹியூபேட் கெட்ட மனிதர் அல்ல. படங்களை நெடுநேரம் பார்த்தார். அந்தச் சத்துமாவை அரைக்கிற ஆலை அவர்களுடைய பெரிய வாடிக்கையாளர். அதே மா வியாழக்கிழமை நான்கு லொறிகளில் வன்னிக்குப் போகிறது என்பதும் அவருக்குத் தெரியும், அதைச் சொல்லியும்விட்டார். ஆனால் கையெழுத்து வைக்கவில்லை.

"மிஸ், இப்ப எங்கட பேரில ஒரு பேப்பர் வெளிய போனா, ஒருத்தரும் மாவைப் பத்திக் கேக்க மாட்டாங்க. எங்களைப் பத்தித்தான் கேப்பாங்க."

செவ்வாய்க்கிழமை காலை அவள் லீவு போட்டுவிட்டு, மா ரின்னையும் கரைசல் போத்தலையும் படங்களையும் பையில் வைத்துக்கொண்டு அரசாங்க ஆய்வுகூடத்துக்குப் புறப்பட்டாள். பஸ் பாதி வழி போகவில்லை, சோதனைச் சாவடியில் எல்லோரையும் இறக்கினார்கள். பையைத் திறந்த பொலிஸ்காரன் மாவை விட்டுவிட்டுப் படங்களைத்தான் முதலில் தூக்கிப் பார்த்தான். கறுப்புப் பின்னணியில் வரிசையாக நீலப் புள்ளிகள். இது எந்த இடத்து வரைபடம் என்று கேட்டான். அவள் நல்ல சிங்களத்தில் விளக்கினாள். அது இன்னும் மோசமாயிற்று. இவ்வளவு நல்ல சிங்களம் யார் பழக்கியது என்று அடுத்த கேள்வி வந்தது.

எட்டு நாள் வைத்திருந்தார்கள். மலையகத் தேயிலைத் தோட்டப் பக்கத்திலிருந்து வீட்டு வேலைக்கு வந்து, கொழும்பில் தங்குவதற்கான பொலிஸ் பதிவு இல்லாமல் பிடிபட்ட பழனியம்மா என்ற பெண் அதே கூண்டில் இருந்தாள். யோசெப்பின் அவளிடம் அடிக்கடி கேட்டது ஒன்றுதான்: இன்றைக்கு என்ன கிழமை? விசாரிக்க வந்த ஒவ்வொருவரிடமும், என்னை எத்தனை நாள் வேண்டுமானாலும் வைத்திருங்கள், வியாழனுக்கு முதல் அந்த மாவில் பூஞ்சண நஞ்சு இருக்கிறதா என்று மட்டும் பார்க்கச் சொல்லுங்கள் என்றாள். ஒரு சப் இன்ஸ்பெக்டர் மட்டும் அதைக் கடதாசியில் எழுதிக்கொண்டார். வியாழக்கிழமை வந்தது, போனது. மா அரசாங்க ஆய்வுகூடத்துக்கு அனுப்பப்பட்டு, வெடிமருந்து இல்லை என்று பதில் வந்தது. ஒன்பதாம் நாள் விட்டார்கள். படங்களைத் திருப்பித் தரவில்லை.

வெளியே பத்மாவதி காத்திருந்தாள். அந்த வீட்டில் மாவை அவள் நிறுத்திவிட்டிருந்தாள். இரண்டு பிள்ளைகள் தேறி வந்தார்கள். நாகேஸ்வரி என்ற தாயின் நான்கு வயது மகள் வெள்ளிக்கிழமை செத்துப்போனாள். லொறிகள் போய்விட்டன. வேலைக்கு வர வேண்டாம் என்று ஹியூபேட்டின் கடிதம் வீட்டில் கிடந்தது.

ஆறு கிழமை கழித்து இன்னொரு கடிதம் வந்தது. எழுதியவர் அரசாங்க ஆய்வுகூடத்து இரசாயனவியலாளர் ஒருவர்; சப் இன்ஸ்பெக்டர் எழுதியனுப்பிய அந்த வரியை வாசித்திருக்கிறார். மிஞ்சிய ஒரு கரண்டி மாவைத் தானாகவே சோதித்திருக்கிறார். அவருடைய கணக்கும் யோசெப்பினின் கணக்கும் ஏறக்குறைய ஒன்றாகவே இருந்தன. அந்தத் தொகுதியைத் திரும்பப் பெறும்படி ஆலைக்கு அறிவித்ததாகவும், அது முழுவதும் விநியோகிக்கப்பட்டுவிட்டதாக ஆலை பதில் தந்ததாகவும் கடிதம் முடிந்தது.

பத்மாவதி வாசித்துவிட்டு, "எங்கை குடுத்தவை எண்டு ஒருத்தரும் கேக்கேல்லையே," என்றாள்.

கடிதத்தின் பிரதியை, அனுமதி எடுத்து வன்னிக்குப் போன ஒரு கத்தோலிக்கக் குருவானவரிடம் கொடுத்தனுப்பினார்கள். அவர் மாசியில் திரும்பி வந்து, கோயில் அலுவலக அறையில் அவர்களை இருத்திச் சொன்னார். இரண்டு இடங்களில் சின்னப் பிள்ளைகளுக்குச் செங்கமாரி வந்து செத்திருக்கிறார்கள். அங்கே ஸ்கான் இல்லை, புறஊதா விளக்கு இல்லை. எத்தனை பேர் என்று சரியாகச் சொல்ல ஆளில்லை.

"அந்த மாவில மிச்சம் இருக்கா, சுவாமி?" என்று யோசெப்பின் கேட்டாள்.

"இல்லைப் பிள்ளை. எல்லாம் சாப்பிட்டு முடிச்சிட்டுதுகள். அங்க வேற என்ன இருக்கு?"

அவள் அந்த இரண்டு ஊர்களின் பெயரையும், அவருக்கு ஞாபகமிருந்த திகதிகளையும் கேட்டு எழுதிக்கொண்டாள். முதல் சாவு லொறி போய்ப் பதினெட்டாம் நாள். அதை அந்த இரசாயனவியலாளருக்குப் பதிவுத்தபாலில் அனுப்பினாள். கிடைத்தது என்று கையெழுத்திட்ட அட்டை வந்தது. அதற்குமேல் ஒன்றும் வரவில்லை. சித்திரையில் அவள் ஒரு பள்ளிக்கூடத்தில் விஞ்ஞானம் படிப்பிக்கச் சேர்ந்தாள்.