ஜெமீல் அடங்கிய பட்டினம்

திருகோணமலைப் பட்டினத்து ஹெக்டர், சரக்குக் கப்பலொன்றில் இயந்திர அறை வேலை பார்த்தவர். பக்கத்துக் கிண்ணியாவைச் சேர்ந்த ஜெமீலை அதே கப்பலில் சேர்த்துவிட்டவரும் அவர்தான்.

எழுபத்தைந்தாம் ஆண்டு கப்பல் கொக்கோ ஏற்றுவதற்காகக் கானா நாட்டுத் துறைமுகமொன்றில் நின்றது. கரையோரமாகக் கிழக்கே போனால் கேப் கோஸ்ட், அந்த மாகாணத்தின் தலைநகர். ஒரு காலத்தில் வெள்ளைக்காரன் அந்தக் கரை முழுவதையும் அங்கிருந்துதான் ஆண்டான். பாறையின் மேல் பெரிய கோட்டை இருக்கிறதென்று கேள்விப்பட்டதும் ஹெக்டருக்கு இருப்புக் கொள்ளவில்லை.

"உடம்பு கொதிக்குது, அண்ணன். என்னால ஏலாது. நான் படுக்கப்போறன்," என்றான் ஜெமீல்.

"கடல்காத்துப் பட்டாச் சரியாப்போகும். எழும்படாப்பா!"

லொறியில் போய் இறங்கினார்கள். கோட்டை வெள்ளை வெளேரென்று நின்றது. பீரங்கிகள் கடலுக்கு வாய்காட்டிக் கிடந்தன. "எங்கட திருகோணமலைக் கோட்டை மாதிரியெல்லோ!" என்று ஹெக்டர் குதூகலித்தார். காவலாளி இருவரையும் நிலவறைக்குள் இறக்கினான். அடிமைகளாக விற்க, மனிதரை மாதக்கணக்கில் அடைத்துவைத்த இருட்டு அது. கடல் பக்கத்து வாசலைக் காட்டி, அதால் கப்பலேறியவர்கள் திரும்பவேயில்லை என்றான். ஜெமீல் சுவரைப் பிடித்தபடியே சரிந்து விழுந்தான்.

ஆஸ்பத்திரியில் மலேரியா என்றார்கள். மறுநாள் கப்பல் புறப்பட்டது. ஹெக்டர் ஏறிவிட்டார். அடுத்த துறையில் தந்தி வந்திருந்தது. ஜெமீல் மௌத்து. கேப் கோஸ்ட்டிலேயே அடக்கிவிட்டார்கள்.

ஊர் திரும்பியவர் தோணியேறிக் கிண்ணியாவுக்குப் போனார். ஜெமீலின் மனைவி சுபைதா கதவுக்குப் பின்னால் நின்றாள். அவளுடைய தம்பி றஊப் முற்றத்தில் இருந்தான்.

"அவர் அடங்கியிருக்கிற ஊர் எப்பிடி, அண்ணன்?"

நண்டின் பெயர் வைத்த சந்தையைச் சொன்னார். வர்ணம் பூசிய மீன்வள்ளங்களை, தொழுகைக்குப் பாங்கு கேட்கும் தெருவைச் சொன்னார். நிலவறையையும், காய்ச்சலோடு இழுத்துப்போனதையும் விட்டுவிட்டார்.

"சாக முன்னம் நல்ல ஊரைக் காட்டியிருக்கிறீங்கள். அல்லாஹ் உங்களுக்கு நன்மை தரட்டும்."

போகும்போதெல்லாம் அதையே கேட்டாள், அதையே சொல்லி வாழ்த்தினாள். அந்த வாழ்த்து அவருடைய நெஞ்சில் முள்ளாய்க் குத்திக்கொண்டே இருந்தது. உண்மை நாக்கு நுனிவரை வரும், விழுங்கிவிடுவார்.

இரண்டு வருஷம் கழித்து, அதே கப்பலில் இருந்த அபூதாஹிர் கிண்ணியாவுக்கு வந்து எல்லாவற்றையும் சொல்லிவிட்டான். அடுத்தமுறை ஹெக்டர் போனபோது சுபைதா ஊரைப் பற்றிக் கேட்கவில்லை.

"காய்ச்சலோட கூட்டிப்போனது தெரியும். அது போகட்டும். அவரைத் தனிய விட்டுப்போட்டு ஏன் கப்பலேறினீங்கள்?"

இந்தக் கேள்வியை அவர் எதிர்பார்க்கவில்லை. "வேலை போயிடுமெண்டு பயந்திட்டன், தங்கச்சி."

 றஊப் தலையைக் குனிந்துகொண்டான். ஹெக்டர் எழுந்து வந்துவிட்டார். அதன்பிறகு அவர் கடலுக்குப் போகவில்லை. துறைமுகத்தில் கூலிக்கு மூட்டை சுமந்தார்.

இனி அந்த வீட்டுப் படி மிதிக்க ஏலாது என்றுதான் நினைத்திருந்தார். ஆனால் ஜெமீலின் பேரில் ஓதிச் சோறு கொடுக்கும் அந்த வருஷக் கத்தத்துக்கும் றஊப் வந்து கூப்பிட்டான்.

"ராத்தா கட்டாயம் வரச் சொன்னவ."

போனார். எல்லாரோடும் ஒரே சஹன் தட்டைச் சுற்றி உட்காரவைத்தார்கள். உள்ளேயிருந்து சுபைதாவின் குரல் கேட்டது: "அண்ணனுக்கு இன்னும் கொஞ்சம் இறைச்சி வையுங்க."

ஹெக்டர் கையிலெடுத்த பிடிச்சோற்றைத் திரும்பச் சஹனிலேயே வைத்தார்.