கையெழுத்துப் போட்டபின் பார்த்த கடற்புல் திட்டு

பினாங்கு நீரிணையின் நடுவில் இருக்கும் கடற்புல் திட்டைக் காப்பகமாக அறிவிக்கக் கோரும் மனுவில் சென்ற மாதம் கைப்பேசியிலேயே கையெழுத்திட்டேன். அரை நிமிட வேலை. அப்புறம்தான் உறுத்தியது. நீரிணையைக் கடக்கும் பாலத்தில் எத்தனையோ முறை போயிருக்கிறேன், கீழே கலங்கிய தண்ணீரைத் தவிர எதையும் கண்டதில்லை. பார்க்காத இடத்துக்கு எப்படிச் சாட்சி சொல்வது? அமாவாசை கழிந்த இரண்டாம் நாள், கடல் நன்றாக வற்றும் காலை, போய்ப் பார்த்துவிடுவதென்று ஈப்போவிலிருந்து வந்தேன்.

ஜார்ஜ் டவுன் விடுதியிலிருந்து ஜெலுத்தோங் மீனவர் துறை ஐந்து கிலோமீட்டர். வாடகைக் காருக்குப் பன்னிரண்டு வெள்ளி, அதாவது ரிங்கிட். படகு இரண்டு மணி நேரத்துக்கு 150 வெள்ளி. ஓட்டியவர் சேகர் அண்ணன், அறுபதை நெருங்கும் மீனவர். நான் சுற்றிப் பார்க்கும் நேரத்தில் அவர் வீட்டுக்கும் விற்பனைக்கும் மட்டி தோண்டிக்கொள்வதாகப் பேச்சு.

6.30க்குக் கிளம்பினோம். பதினைந்து நிமிடத்தில் எஞ்சினை நிறுத்தி, அதன் விசிறியை நீருக்கு மேலே தூக்கிவிட்டு, நீளக் கோலை ஊன்றித் தள்ள ஆரம்பித்தார். ஏன் என்று கேட்டேன். “புல்லு அறுந்துரும்மா,” என்றார்.

7.10க்குக் கடல் விலகி, தரை பச்சையாக எழுந்தது. புல் ஈரத்தோடு படிந்து கிடக்க, நடுவில் சின்னச் சின்னக் குட்டைகள். ஒன்றில் கடல்சாமந்தி விரிந்திருந்தது. என் காலணிக்குப் பக்கத்தில் ஒரு நட்சத்திர மீன், நகர்கிறதா இல்லையா என்று தெரியாத வேகத்தில் நகர்ந்தது. தரை முழுக்க மெல்லிய சடசடப்பு. தொலைவில் பாலத்தின் மேல் அக்கரையிலுள்ள பிறை நகருக்குப் போகும் லாரிகள். எதையும் எளிதில் நம்பாதவள் நான். அன்று படம் எடுக்கக்கூடத் தோன்றாமல் நின்றேன்.

அப்போது ஓர் உல்லாசப் படகு எஞ்சின் முழங்கத் திட்டை நோக்கி வந்தது. அண்ணன் மண்வாரியைப் போட்டுவிட்டு, கோலை உயர்த்தியபடி இடுப்பளவு நீரில் இறங்கினார். மலாயில் கத்தி நிறுத்தி, ஆழமான பாதை எதுவென்று காட்ட, புல்லின் ஓரமாகவே அதற்கு முன்னால் நடந்தார். திரும்பி வந்தபோது நீர் ஏறத் தொடங்கியிருந்தது. வாளியில் கால்வாசிதான் மட்டி.

“வீட்டுக்காரி கேப்பா, மட்டி எடுக்கப் போனியா, போலீஸ் வேலைக்குப் போனியான்னு.”

காப்பகமாக அறிவித்தால் முதலில் மட்டி தோண்டுகிறவரைத்தானே தடுப்பார்கள் என்று கேட்டேன். வாளியைத் தூக்கிப் படகில் வைத்தார்.

“தடுத்தாலும் தடுப்பாங்க. நானும் அதுல சைன் போட்டுட்டேன்லா.”

ஒரே மனுவில் இருவர் கையெழுத்தும். எனக்கு அதனால் எந்த நட்டமும் இல்லை.

போக நினைப்பவர்களுக்கு: வற்றும் நேரத்தை முதலிலேயே பாருங்கள், திட்டில் நிற்க ஒரு மணி நேரம்கூடக் கிடைக்காது. ரப்பர் காலணி வேண்டும். புல்லில்லாத மணலில் நடங்கள், எதையும் எடுக்காதீர்கள். பேரம் பேசுமுன் படகுக்காரரிடம் ஒன்றை மட்டும் கேளுங்கள்: புல் தொடங்கும் இடத்தில் எஞ்சினைத் தூக்குவாரா? யோசித்துப் பதில் சொல்கிறவரின் படகில் ஏறாதீர்கள்.