ஆறு சீட்டா, ஏழு சீட்டா?

புது வண்டிக்குள் ஏறினால் ஒரு வாசனை வருமே... சீட்டு மேல் போட்ட பிளாஸ்டிக் உறையும் ரப்பரும் கலந்த மாதிரி. எல்லோருக்கும் அது பிடிக்கும். எனக்கு மட்டும் ஒரு ஷோரூம் ஞாபகத்துக்கு வரும்.

அப்போது நான் காந்தி ரோட்டில் ஒரு பட்டுக்கடையில் சேல்ஸில் இருந்தேன். கல்யாணம் சரிப்படாமல் பிறந்த வீட்டுக்கே திரும்பி வந்து சில வருஷங்கள் ஆகியிருந்தன. வீட்டில் அப்பா, அம்மா, தம்பி செந்தில், அவன் மனைவி கலா, அவர்கள் பிள்ளைகள் மதுவும் கார்த்தியும்.

அப்புறம் நான்.

கல்யாணம், கோயில் என்று எங்கே போனாலும் எங்களுக்கு வாடகை வேன்தான். சொந்தமாகவே ஒன்று வாங்கிவிடலாம் என்று செந்தில் சொன்னதும், ஒரு ஞாயிற்றுக்கிழமை குடும்பத்தோடு ஷோரூமில் போய் நின்றோம்.

"ஃபேமிலில எத்தினி பேரு சார்?" என்று கேட்டார் சேல்ஸ்மேன்.

"ஆறு பேருபா," என்றான் செந்தில்.

நான் அவன் பக்கத்தில்தான் நின்றிருந்தேன்.

"அப்போ ஆறு சீட்டே எடுங்க சார். நடுவுல ரெண்டும் தனித்தனி சீட்டு. நடுவால நடந்தே கடைசி ரோவுக்குப் போயிடலாம். ஏழு சீட்டுன்னா நடுவுல பெஞ்சு மாதிரி வரும், அத மடக்கினாதான் பின்னாடி ஏற முடியும்."

அம்மா நடு சீட்டில் உட்கார்ந்து இரண்டு கையையும் கைப்பிடி மேல் வைத்துப் பார்த்தாள். முகமெல்லாம் சிரிப்பு. முட்டி வலிக்காரரான அப்பாவும் சுலபமாக ஏறி இறங்கினார். நான் கடைசி வரிசையில் முழங்கால் நெஞ்சை இடிக்க உட்கார்ந்து, மனசுக்குள் எண்ணிக்கொண்டிருந்தேன். எப்படி எண்ணினாலும் ஏழு வந்தது.

யாரை விட்டான்?

யாரும் அவனைத் திருத்தவில்லை. கவனிக்கவில்லையா, இல்லை, எல்லோருக்கும் அதுதான் கணக்கா... புரியவில்லை.

அந்த வாரம் முழுக்க வீட்டில் இதே பேச்சு. ஆறா ஏழா, பெட்ரோலா டீசலா, வெள்ளையா சாம்பலா. "நீ இன்னா சொல்ற?" என்று ஆளாளுக்கு என்னைக் கேட்டார்கள். அம்மாவிடம் ஆறு என்றேன். மதுவிடம் ஏழு என்றேன். செந்திலிடம், "உன் இஷ்டம்பா," என்று சொல்லிவிட்டு எழுந்து போய்விட்டேன்.

கடையில் புடவைகளை மலைபோல் பிரித்துப் போட்டுவிட்டு எதை எடுப்பது என்று விழிப்பவர்களிடம், "கண்ண மூடிக்கினு யோசிங்கமா, மொதல்ல எது வருதோ அதான் உங்களுது," என்பேன். நானும் கண்ணை மூடிப் பார்த்தேன். ஒன்றும் வரவில்லை.

என்னோடு வேலை பார்த்த ஷமீமிடம் வாடகைக்கு வீடு ஏதாவது இருக்கிறதா என்று கேட்டேன். ஐயம்பேட்டையில் அவள் சித்தி வீட்டு மாடி காலியாக இருந்தது. ஷேர் ஆட்டோவில் போய்ப் பார்த்தேன். ஒரு அறை, ஒரு சமையல்கட்டு. பிடித்திருக்கிறதா இல்லையா என்றே சொல்லத் தெரியவில்லை. யோசித்துச் சொல்கிறேன் என்று நம்பரைக் கொடுத்துவிட்டு வந்தேன்.

மாடி வீடு என்ன ஆயிற்று என்று கேட்க ஷமீமின் சித்தி போன் செய்தபோது நான் குளித்துக்கொண்டிருந்தேன். கலா எடுத்துவிட்டாள்.

தலை துவட்டிக்கொண்டு வந்தால் எதிரில் நிற்கிறாள். கண்ணெல்லாம் சிவந்திருந்தது.

"இன்னா அண்ணி இது? நான் எதுனா தப்பா பேசிட்டேனா?"

"நீ இல்லமா..." என்று இழுத்தேன். பிறகு சொல்லிவிட்டேன். "ஷோரூம்ல ஆறு பேருன்னு சொன்னானே."

கலாவுக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கியதும் வாசலைப் பார்த்துக் கத்தினாள். "ஏங்க! இங்க வாங்க. நம்ம வூட்ல எத்தினி பேரு? வெரல் வுட்டு எண்ணுங்க!"

செந்தில் பயந்துபோய் எண்ணினான். "அப்பா, அம்மா, அக்கா, நீ, பசங்க ரெண்டு பேரு... ஆறு."

"நீங்க?"

"நான்தான் ஓட்டப் போறனே."

"அதுக்கு?"

"வேன் சொல்லும்போது டிரைவர சேத்தா எண்ணுவோம்?" என்றவன் அப்படியே நின்றுவிட்டான். "அய்யய்யோ... எனக்கும் ஒரு சீட்டு வேணும் இல்ல?"

கலா தலையில் அடித்துக்கொண்டு சிரித்தாள். உள்ளேயிருந்து அப்பாவும் சிரித்தார். எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. அவன் மூன்றாவது விரலை மடக்கும்போது 'அக்கா' என்றான்... அது மட்டும் காதில் நின்றது. நான் எதற்கு இவ்வளவு கலங்கினேன் என்று அவன் கடைசிவரை கேட்கவில்லை. கலாவும் அவனிடம் சொல்லவில்லை.

ஏழு சீட்டு வண்டியே வந்தது. சாம்பல் நிறம்.

திருத்தணிக்குத்தான் முதல் பயணம். "அண்ணி, நடுவுல வாங்க," என்று கலா கூப்பிட்டாள். அதற்குள் மது என் கையைப் பிடித்துக் கடைசி வரிசைக்கு இழுத்துவிட்டாள். "அத்த, இது நம்ம ரூமு." கார்த்தியும் சீட்டைத் தாண்டிக் குதித்து வந்து என் மடியில் ஏறிக்கொண்டான். ஊர் போய்ச் சேருவதற்குள் எனக்குக் கால் மரத்துப்போய்விட்டது. மதுவின் எச்சில் என் தோளை நனைத்திருந்தது.

இப்போது அப்பா இல்லை. மது கோயம்புத்தூரில் ஹாஸ்டலில் படிக்கிறாள். கடைசி வரிசையை மடக்கிவிட்டு அரிசி மூட்டை ஏற்றிக்கொண்டு வருகிறோம்.

போன பொங்கலுக்கு எல்லோரும் சேர்ந்து கிளம்பினோம். நான் பழக்கத்தில் பின்னால் ஏறப் போனேன். "அத்த, உனக்கு முட்டி வலிக்கும், நீ நடுவுல உக்காரு," என்று மது என்னை நிறுத்திவிட்டு, தான் மட்டும் உள்ளே போனாள். காதில் இயர்போன்.

நடு சீட்டில் காலை நன்றாக நீட்டிக்கொள்ளலாம். வசதிதான்.

ஆனாலும் ஊர் வரும்வரை திரும்பித் திரும்பிப் பின்னால் பார்த்துக்கொண்டே வந்தேன்... ஏன் என்று தெரியவில்லை.